சோற்றில் கலந்த மருந்து

குடிக்கிறவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று யாராவது ஒரு பொடியை நீட்டினால் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் வாங்கினார்கள். யோசனை சொன்னவர் பெரிய மாமா. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்றது ஒரு மருந்துக்கடை. வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். "படிச்ச திமிரு" என்று என் வாயை அடைத்தார்கள்.

அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டினார். விடியுமுன் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்துப் போட்டால் உச்சிக்கு முன்பே வேலை முடிந்துவிடும். மிச்சப் பகல் டாஸ்மாக்கில் போகும். மழைக்காலத்தில் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. குடி மட்டும் கடனில் நடக்கும். உங்கள் வீட்டிலும் இதுதானே?

அம்மை புளிக்கறியில் கலந்த பொடி டைசல்ஃபிராம். அது கெட்ட மருந்தல்ல. மது உடம்பில் சிதையும்போது உண்டாகும் நச்சை மேலும் சிதையவிடாமல் தேக்கும். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். நிறுத்தி 2 வாரம் ஆனாலும் அதன் பிடி விடாமல் இருக்கலாம். அதனால்தான் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, நோயாளி சம்மதித்த பிறகே மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போலக் குடித்தார். ராத்திரி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிழைத்தார். ஆனால் நடந்தது தெரிந்த பிறகு அம்மை கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. கடைச் சோறு, முன்னைவிட அதிகக் குடி. மைனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். பெரிய மாமா அதன்பின் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. அவர் இதைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

கடைசியில் நான்தான் முகத்துக்கு நேரே சொன்னேன். "அண்ணா, இது தீனமாக்கும். ஆஸ்பத்திரிக்கு வா. வரலேன்னா இனி உன் கடனை அடைக்க மாட்டேன், முதலாளிகிட்ட பொய் சொல்ல மாட்டேன்." கல்நெஞ்சுக்காரி என்றது சொந்தம். நான் செய்ததே சரி. மறுநாள் தானாகவே கிளம்பி வந்தார். குடியைச் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரும் என்பதால் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தான் மறுபடி குடித்துவிடாமல் இருக்க இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பேசப் போனார் ஒருவர். ஏ.ஏ. பிறந்தது அப்படித்தான். அண்ணனும் அதையே செய்தார். மாலையில் யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லுவார். புத்தி சொல்ல மாட்டார். வருகிறேன் என்றவரைக் கையோடு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். தெரியாமல் கொடுக்க மருந்து உண்டா என்று பெண்கள் கேட்கும்போது மட்டும் குரல் உயரும்: "மக்கா, அந்த மருந்துதான் என்னைக் கொல்லப் பாத்தது."

எங்கள் குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று இறந்தார். அண்ணன் அவரைப் பெரிதும் மதித்தார். ஆனால் கடை மூடும்வரை, கை நடுங்குகிறவன் காத்திருக்க முடியாது என்பார்.

வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும். குடியால் கணவரை 1979இல் இழந்த சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எங்கள் அம்மைக்கு அது கிடைத்திருந்தால் மாமா பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்.

அண்ணன் மாரடைப்பில் போனார், கடைசிவரை குடிக்கவில்லை. அவர் மீட்ட ஆட்கள் இப்போது வீடு வீடாகப் போகிறார்கள். அப்படி யாரும் உங்கள் ஊரில் இல்லையென்றால் 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். பேசும்போது குடிக்கிறவரும் பக்கத்தில் இருக்கட்டும்.