தராசில் ஏறிய ரெமிங்டன்

கும்பகோணத்தில் என் சித்தப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். கண் மங்கியதும் மூடிவிடலாம் என்று முடிவுசெய்து காயலான் கடைக்காரரை வரச்சொன்னார். வந்தவர் நல்ல மனிதர்தான். தராசை மாட்டி முதல் ரெமிங்டனைத் தூக்கி வைத்தார். பதினைந்து கிலோ சொச்சம். "இரும்பு விலைதான் சார் போட முடியும். ரப்பர் உருளைய எடையில கழிச்சுக்கணும்" என்றார். விலை குறைவு என்பதைக்கூடச் சித்தப்பா பொறுத்துக்கொண்டார். உருளையைக் கழிக்கும் பேச்சு அவருக்குப் பொறுக்கவில்லை. மெஷினை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

தங்கை போனில் படம் எடுத்து ஆன்லைனில் போட்டாள். "டைப்ரைட்டர யாருடி வாங்கப் போறா?" என்று சித்தி சிரித்தார். மூன்றாம் நாள் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இன்னொரு இன்ஸ்டிட்யூட்காரர் குட்டி யானை வண்டியோடு வந்து, பன்னிரண்டு மெஷினில் பதினொன்றை ஏற்றிக்கொண்டு போனார். காயலான் விலையைப் போல் பல மடங்கு கொடுத்தார், அதுவும் சந்தோஷமாக.

அவர் ஏமாளி இல்லை. இந்தியாவில் டைப்ரைட்டர் செய்துவந்த கோத்ரெஜ் 2009-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் லோயர், ஹையர் டைப்ரைட்டிங் தேர்வுகளை அண்மைக்காலம் வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த மெஷினில்தான் எழுதிவந்தார்கள். புது மெஷின் வராது, தேவையோ தீரவில்லை. அப்படியென்றால் இருக்கிற பழைய மெஷின்தானே சந்தை? தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். மன்னார்குடிக்காரருக்கு அதன் வேலை தெரிந்திருந்தது.

வீட்டுச் சாமானையும் கடைச் சாமானையும் ஆன்லைனில் விற்பது பற்றி நம்மிடையே உலவும் பேச்சுகளில் பாதி, இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. மீதி, பயத்தால் வருபவை. சில பயங்கள் நியாயமானவை, ஆனால் நாம் பயப்படும் இடம்தான் தப்பு.

"உடைஞ்சத யார் வாங்குவாங்க?"

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் ஏலத்துக்கான ஒரு தளத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே ஆனது அதுதான். அதில் முதலில் விலைபோன பொருள், வேலைசெய்யாத ஒரு லேசர் பாயிண்டர். 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று ஒமிடியார் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்ப்பவன் நான் என்று பதில் வந்ததாம்.

நம் ஊரில் அப்படிச் சேகரிப்பவர் குறைவாக இருக்கலாம். ரிப்பேர் கடைக்காரர்கள் குறைவில்லை. மோட்டார் எரிந்த கிரைண்டரின் கல்லும் பாத்திரமும் ஒருவருக்கு வேண்டும். திரை நொறுங்கிய லேப்டாப்பின் மதர்போர்டுக்கு ரிச்சி தெருவில் ஆள் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை முழுவதும், ஓடாத வண்டியிலிருந்து ஓடும் வண்டிக்குப் போகிற பாகங்களை நம்பித்தான் பிழைக்கிறது. ஒரே நிபந்தனை, ரிப்பேர் என்றால் ரிப்பேர் என்றே விளம்பரத்தில் எழுத வேண்டும். "சின்ன வேலை இருக்கு" என்று மழுப்பினால், அத்தனை தூரம் வந்தவர் வாசலில் நின்று பாதி விலை கேட்பார். கேட்பது அவர் நியாயம்.

"வாங்குன விலையில பாதியாவது வரணும்"

இதை நம்பித்தான் பெரும்பாலான விளம்பரங்கள் மாதக்கணக்கில் கிடந்து வாடுகின்றன. நீங்கள் கொடுத்த விலையைப் பற்றி வாங்குபவருக்குக் கவலை இல்லை. அதே பொருள் இன்றைக்குப் புதிதாக என்ன விலை என்று பார்க்கிறார். அதிலிருந்து வாரண்டி இல்லாததற்குக் கொஞ்சம், வண்டிக் கூலிக்குக் கொஞ்சம், தவணை வசதி இல்லாததற்குக் கொஞ்சம் என்று கழித்துக்கொண்டே வருகிறார். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புதுசின் விலை இறங்கிய அன்றே உங்கள் கூடத்தில் இருக்கும் பழசின் விலையும் இறங்கிவிட்டது. உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏ.சி.யில் இன்னொரு சங்கதி. கழற்றும் கூலி, மாட்டும் கூலி, புதுச் செம்புக் குழாய், காஸ் என்று எல்லாம் வாங்குபவர் தலையில்தான். ஆகவே அது பார்ப்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கைக்கு வரும் விலை சொற்பமே. இதற்கு நேர்மாறு தேக்குக் கட்டில், பழைய கனத்த பீரோ, ஹோட்டல் மூடும்போது மிஞ்சும் டில்டிங் கிரைண்டர், டீக்கடை பாய்லர், ஸ்டீல் பட்டறை. புதிதாகக் கடை போடுகிறவருக்கு முதலீடு எப்போதும் நெருக்கடிதான், பாய்லரில் கீறல் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சரக்கை வீட்டுச் சாமானோடு கலந்து ஒற்றைப் படத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிராண்ட், லிட்டர் கணக்கு, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதைத்தான் தொழில்காரர் தேடுகிறார். பாய்லருக்குப் பக்கத்தில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் இருந்தால் அவர் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

இன்னொன்று. மற்ற விளம்பரங்களைப் பார்த்து விலை வைக்கிறோம். அங்கே தெரிவது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. விற்றுப்போனவை மறைந்துவிடும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் விலை அதிகம் என்று யாரும் தொடாமல் விட்டவற்றை.

"அந்த டிராக்டர் நோட்டுக்கு லட்சக்கணக்குல தராங்களாம்"

தரமாட்டார்கள். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு என்று யூடியூப்பில் சுற்றும் வீடியோக்களின் முடிவு எப்போதும் ஒன்றுதான். "உங்க நோட்டு தேர்வாயிருக்கு, கமிஷனும் வரியும் முதல்ல கட்டுங்க" என்று போன் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இந்த வேலை நடந்ததால், பழைய நோட்டு, காசு விற்பனையில் தனக்குச் சம்பந்தமே இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட வேண்டிவந்தது.

இதன் பெரியப்பா கதை ஒன்று உண்டு. 2009-ல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் தையல் மிஷின்களுக்குள் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, மூலையில் கிடந்த மிஷின்களுக்கு ஏகப்பட்ட விலை ஏறியது. போலீசே மறுப்புச் சொல்லும் நிலை. அப்படி ஒரு பொருள் உலகில் இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பழைய ரேடியோ, பழைய டி.வி. என்று அதே பாதரசம் நம் பக்கமும் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். பாட்டியின் தையல் மிஷினைத் தைக்கத் தெரிந்தவருக்கு விற்றால் ஏதோ காசு வரும். அவ்வளவுதான்.

"பணம் வாங்கவும் ஸ்கேன் பண்ணணும்ல?"

இந்த ஒரு நம்பிக்கை இழக்க வைத்த பணத்தில் எத்தனை பீரோ வாங்கியிருக்கலாமோ! யு.பி.ஐ.யில் உங்களுக்குப் பணம் வர நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்று பொருள். பணம் "கேட்டு" அனுப்பும் கோரிக்கையை அழுத்த வைத்து ஏமாற்றுவது பெருகியதால், தனிநபர்களுக்கு இடையில் அந்த வசதியையே 2025 அக்டோபர் முதல், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. க்யூ.ஆர். வித்தை மட்டும் மிச்சம் இருக்கிறது.

ஏமாற்ற வரும் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். பொருளைப் பார்க்க வரமாட்டார், ஆள் அனுப்புவதாகச் சொல்வார். முக்கியமாக, பேரமே பேசமாட்டார். நம் ஊரில் பழைய கட்டிலைப் பேரம் பேசாமல் வாங்க ஒருவர் முன்வந்தால் அதுவே போதும், போனை வைத்துவிடலாம். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு.

"எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்"

கம்ப்யூட்டரில் கோப்பை அழிப்பது என்பது, புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது மாதிரி. பக்கம் உள்ளேதான் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதன்மேல் முழுக்க வேறு தரவை எழுதி அழிக்கும் மென்பொருளை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம். போன் இந்த விஷயத்தில் மேல். இப்போதைய போன்களில் தரவு பூட்டப்பட்டே இருக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் சாவியே அழிந்துவிடும். ஆனால் ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாங்கினவர் கையில் அது பூட்டிய பெட்டிதான், ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

எல்லோரும் மறப்பது அலுவலக ஜெராக்ஸ் மெஷினை. பெரிய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கக்கூடும். 2010-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். செய்தியாளர்கள் ஒரு கிடங்கில் நான்கு பழைய மெஷின்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றில் பஃபலோ நகரக் காவல் துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள். இன்னொன்றில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகள். வாடகை மெஷினைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்த அந்த நிறுவனம், 2013-ல் அமெரிக்க அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. நம் ஜெராக்ஸ் கடைகளில் ஆதார் அட்டையும் பத்திரமும் எத்தனை ஓடியிருக்கும்! மெஷினை விற்கும் முன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டிஸ்க்கைத் துடைக்கச் சொல்லுங்கள். காயலானுக்குப் போட்டாலும் இதே கதைதான், அங்கிருந்தும் டிஸ்க் நடந்து போகும்.

"வித்தா வரி கட்டணும், பில் இல்லாம முடியாது"

வீட்டில் உபயோகித்த கட்டில், ஃப்ரிட்ஜை விற்கிற குடும்பத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சொந்த உபயோகப் பொருளுக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை, நகைக்கும் ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தொழில் செய்பவருக்கு அப்படி அல்ல. மெஷின் வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்த மிச்ச வரவு, விற்ற விலைக்கான வரி, இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டுவிட்டு விற்பது நல்லது. பில் இல்லாமலும் விற்கலாம், ஆனால் போனுக்கு பில்லும் பெட்டியும் இருந்தால் திருட்டுச் சரக்கு இல்லை என்று காட்ட முடியும். விலையும் கூடும்.

பைக் மட்டும் தனி. பணம் வாங்கி சாவி கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படிவம் 29, 30 போட்டு ஆர்.சி. மாறாதவரை வண்டி உங்களுடையதுதான். பலர் கைமாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

"காயலான் கடைக்குப் போடறது எப்பவுமே நஷ்டம்"

இது ஆன்லைன் ருசி கண்டவர்கள் புதிதாகப் பிடித்துக்கொண்ட நம்பிக்கை. வளைந்த அலுமினியப் பாத்திரத்துக்குப் படம் எடுத்து, விளம்பரம் எழுதி, முப்பது பேருக்கு "இருக்கா?" என்பதற்குப் பதில் சொல்வதில் போகும் நேரம் கணக்கில் வராதா? எடைக்கு மட்டுமே மதிப்புள்ளது எடைக்குப் போகட்டும். ஈயமும் பித்தளையும் வாங்கிப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து இந்த நாட்டில் உலோகம் வீணாகாமல் சுழல்வது அந்தக் கடைகளால்தான். நேரில் பார்த்து விற்க, வாங்க நினைப்பவருக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் இருக்கிறது.

தராசில் ஏறக்கூடாதவையும் உண்டு. பழைய ஃப்ரிட்ஜின் குழாயைச் செம்புக்காக வெட்டினால் உள்ளிருக்கும் காஸ் காற்றில் கலக்கும். மிகப் பழசில் இருப்பது ஓசோனைத் தின்னும் வகை, அதற்குப் பின் வந்ததில் பலவற்றில் இருப்பது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றுவது. பின்புறம் துருத்திய பழைய டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இவற்றைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை அதே கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கலாம். காஸ் சிலிண்டரை யாரிடமும் விற்கக்கூடாது. டெபாசிட் கட்டியிருந்தாலும் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, அவர்களிடமே ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம்.

பன்னிரண்டில் மிஞ்சிய அந்த ஒரு மெஷினைச் சொல்லாமல் விட்டேன். அது ஃபேசிட். சித்தப்பா முதன்முதலில் வாங்கியது. அதற்கும் விளம்பரம் போட்டிருக்கிறார், மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு விலையில். போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் அந்த விலைக்கே ஒப்புக்கொண்டு அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அடடா, இப்பதான் ஒருத்தர் முன்பணம் கொடுத்துட்டுப் போனார்" என்று சித்தப்பா கூசாமல் பொய் சொன்னார். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது.