மங்கிய தொலைக்காட்சித் திரை: பழுதை அறிதலும் மாற்றுதலும்

தொலைக்காட்சிப் பெட்டியில் ஒலி தெளிவாகக் கேட்கிறது. படமோ மங்கிவிட்டது, அல்லது அறவே தெரியவில்லை. உடனே, "பெட்டி போய்விட்டது" என்று முடிவு செய்து புதியது வாங்க முற்படுகிறோம். இவ்வாறு ஒதுக்கப்படும் பெட்டிகள் பலவற்றில் கெட்டிருப்பது திரையன்று. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கே. இதை அறியாமையால் ஒரு குடும்பம் தன் பருவத்து மிச்சத்தை இழக்கிறது. ஒரு பஞ்சாயத்து பொதுப் பணத்தை இழக்கிறது. 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, கல்வித் தொலைக்காட்சி வழியே நம் பிள்ளைகள் பாடம் பயின்றதை நாம் மறந்திருக்க முடியாது. ஆகவே இச்சாதனத்தின் பழுதைப் பகுத்தறிவது வீண் வேலையன்று.

பின்னொளி என்பது யாது?

2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் படக்குழாய் உடையவை. படக்குழாய் தானே ஒளி வீசுவது. இன்று நம் இல்லங்களில் பெரும்பாலும் காணப்படும் தட்டைத் திரைகள் அத்தகையன அல்ல. அவற்றின் திரைக்குத் தன்னொளி கிடையாது. பின்னாலிருந்து வரும் வெள்ளொளியைப் புள்ளிக்குப் புள்ளி கூட்டியும் குறைத்தும் விடுவதே அதன் தொழில். திரையை மடையென்றும், பின்னொளியை ஏரி நீரென்றும் கொள்ளலாம். ஏரி வற்றிவிட்டால் மடையைத் திறந்து பயன் என்ன?

தொடக்கத்தில் இவ்வொளிக்கு மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்குகளைப் பொருத்தினர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நீல ஒளி தரும் சிறு விளக்கின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சிட்டு வெள்ளொளி பெறுகின்றனர். திறன்மிக்க நீல எல்.இ.டி.யைக் கண்டதற்காகவே அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விளக்குகள் பட்டைகளில் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. திருவிழாவில் கட்டும் சீரியல் விளக்குச் சரத்தை நாம் அறிவோம். ஒன்று பழுதானால் சரம் முழுவதும் அணையும். பல பெட்டிகளில் நிகழ்வதும் அதுவே. ஒரு சிறு விளக்கு கருகியதால் திரை முழுவதும் இருண்டுவிடுகிறது.

பழுதை அறியும் வழி

முதலில் பெட்டியின் அமைப்புகளைப் பார்த்தல் வேண்டும். மின்சாரச் சிக்கன அமைப்பு முடுக்கப்பட்டிருந்தாலும் படம் ஒரே சீராக மங்கும். அதை மாற்றிப் பார்த்த பின்னரே பழுதென்று கொள்ளலாம்.

அடுத்து, கைவிளக்குச் சோதனை. அறையை இருட்டாக்கிப் பெட்டியை இயக்குக. ஒலி வரும்போது டார்ச் விளக்கைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க. படத்தின் நிழல் மெல்லெனத் தெரியுமாயின் திரை நலமாக உள்ளது; பின்னொளியோ, அதற்கு மின்சாரம் தரும் பலகையோதான் கெட்டுள்ளது. ஒன்றுமே தெரியாவிடில் பழுது வேறிடத்தில் இருக்கலாம். அந்நிலையில் பட்டைகளுக்குப் பணம் செலவிடலாகாது.

வேறு அறிகுறிகளும் உள. பெட்டியை இயக்கியதும் படம் ஒரு கணம் தோன்றி மறைவது, பட்டையில் கோளாறு கண்டு காப்புச் சுற்று விளக்கை அணைப்பதைப் பெரும்பாலும் குறிக்கும். படம் நீலம் பாரித்தால் மஞ்சள் பூச்சு சிதைந்திருக்கக் கூடும். வெண்புள்ளிகள் பளிச்சிட்டால், விளக்கின்மேல் ஒட்டிய சிறு வில்லை கழன்று விழுந்திருக்கலாம்.

மாற்றும் முறை

இவ்வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே தக்கது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் பலகையிலுள்ள கண்டென்ஸரில் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தங்கியிருக்கும். பின்னொளிக்குச் செல்லும் மின்னழுத்தமே சில பெட்டிகளில் 100 வோல்ட்டைத் தாண்டும். எனினும் வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை உடையவர் அறிந்திருத்தல் நலம்.

திரைக் கண்ணாடி மிக மெல்லியது. அதன் ஓரத்திலுள்ள நாடா போன்ற இணைப்புகள் கிழிந்தால் சீர்செய்வது அரிது. ஆகையால் இருவர் சேர்ந்து தூக்கித் தூய துணியின்மேல் வைக்க வேண்டும். ஒளியைப் பரப்பும் தாள்களைக் கழற்றிய வரிசையிலேயே, விரல் தடமும் தூசியும் படாமல் திரும்ப வைக்க வேண்டும்.

புதிய பட்டை, நீளத்திலும் விளக்குகளின் எண்ணிக்கையிலும் பழையதை ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கும் 3 வோல்ட் வகையா, 6 வோல்ட் வகையா என்பதும் பொருந்த வேண்டும். ஒரு விளக்கை மட்டும் மாற்றுவது போலிச் சிக்கனம். மற்றவையும் அதே வெப்பத்தில் அத்தனை காலம் உழைத்தவையே; சில மாதங்களில் அடுத்தது போகும், மறுபடியும் கூலி கொடுக்க நேரும். எல்லாப் பட்டைகளையும் ஒருசேர மாற்றி, மூடுவதற்கு முன் எரியவிட்டுப் பார்ப்பதே முறை. பழைய பட்டைகளைக் கேட்டுப் பெறுவது, யாவும் மாற்றப்பட்டனவா என்பதற்குச் சான்றாகும்.

வருமுன் காத்தல்

பின்னொளியின் முதற்பகை வெப்பம். ஒளியை முழு அளவில் வைத்தால் விளக்குகள் விரைவில் நலியும். அமைப்புகளில் "பேக்லைட்" என்ற பகுதி இருந்தால் அதையே குறைக்க வேண்டும். "பிரைட்னஸ்" என்பது பல பெட்டிகளில் படத்தின் கருமையை மட்டுமே மாற்றும். பெட்டியின் பின்புறம் காற்றோட்டம் இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் பயன்தரும்.

கழித்த பட்டைகளைக் குப்பையில் எரித்தலாகாது. பழைய குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு. அவற்றை உடைப்பது தீங்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேர வேண்டும். ஊரில் சேரும் இத்தகைய கழிவை ஓரிடத்தில் திரட்டி அனுப்பப் பஞ்சாயத்து முன்வரலாம்.

திரைக் கண்ணாடியே விரிசல் கண்டிருந்தால் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கும். அப்போது பழுது பார்ப்பது அறிவுடைமையன்று. பின்னொளி மட்டும் போயிருப்பின், அவ்விலையில் ஒரு சிறு பங்கே செலவாகும். ஆகவே புதிய பெட்டி வாங்கப் பஞ்சாயத்தில் தீர்மானம் கொண்டுவருமுன், அங்கத்தினர் ஒருவர் டார்ச் விளக்குடன் சென்று பழைய பெட்டியைப் பார்த்து வருவாராக. அந்த ஐந்து நிமிடம் ஊர்ப் பணத்தைக் காக்கக்கூடும்.