வாடகைக்கு விட வீடு: கட்டலாமா, வாங்கலாமா?

சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 60 லட்சம் ரூபாய் ஃப்ளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை வந்தால் ஆண்டுக்கு 1.80 லட்சம், அதாவது வெறும் 3 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, ஆள் வராத மாதங்கள் எல்லாம் இதற்குள்தான் அடங்கவேண்டும். கடன் வாங்கியிருந்தால் வாடகை வட்டிக்கே காணாது.

சொந்த மனை இருந்தால் கதை வேறு. தயங்காமல் கட்டுங்கள். ஒரே பெரிய வீடாக வேண்டாம். இரண்டு மூன்று சிறு போர்ஷன்களாகப் பிரித்தால் ஒன்று காலியானாலும் மற்றதில் வாடகை வரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஈபி மீட்டர் அவசியம். தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர் வைத்துவிட்டால் குடித்தனக்காரர்களுக்குள் வரும் சண்டையில் பாதி குறையும். அனுமதி வாங்கிய பிளானுக்கு மேல் ஓர் அறைகூட ஏற்றாதீர்கள்.

மனையையும் புதிதாக வாங்கித்தான் கட்டவேண்டும் என்றால் முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் முதலிலேயே போய்விடும். கட்டி முடிக்கும்வரை வாடகையும் கிடையாது. அதற்குப் பணி நிறைவுச் சான்று பெற்ற ஃப்ளாட்டே மேல். அதற்கு ஜிஎஸ்டி இல்லை. வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் படித்துப் பாருங்கள், தரகர் வாய்மொழி போதாது.

வருமான வரியில், சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. பழுதுபார்த்த ரசீது எதுவும் இதற்குத் தேவையில்லை.