சமூக உரிமைகள்: எழுத்தும் காப்பும்

வேலை, கல்வி, மருத்துவம், முதுமைக் காப்பு ஆகியவற்றைக் குடிமக்களின் உரிமைகளாக அரசியல் சட்டத்தில் விரிவாக எழுதிவைப்பது சோவியத் மரபாகும். 1936-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை பெறும் உரிமையை ஏற்றது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வசதியையும் சேர்த்தது. ஆயினும், இவ்வுரிமைகள் மறுக்கப்பட்டால் குடிமகன் முறையிடத்தக்க அரசியல் சட்ட நீதிமன்றம் அங்கு இருக்கவில்லை.

1989-க்குப் பின் சோஷலிச ஆட்சிமுறையைக் கைவிட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவும் இவ்வுரிமைகளை நீக்கிவிடவில்லை. அவற்றுக்கு எவ்வளவு வலிமை தருவது என்பதே எழுந்த வினா.

சட்டத்தின் வரம்பு

செக்கோஸ்லோவாகியாவின் 1991-ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் இன்றும் செக் குடியரசில் செயல்படுகிறது. அதன் 41-வது பிரிவின்படி, சமூக உரிமைகள் பலவற்றை, அவற்றைச் செயற்படுத்தும் சட்டங்களின் வரம்புக்குள் மட்டுமே கோர இயலும். போலந்தின் 1997-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும் 81-வது பிரிவில், குறைந்தபட்ச ஊதியம், வீட்டு வசதி முதலியவற்றுக்கு இத்தகைய வரம்பை விதித்துள்ளது.

ஹங்கேரியின் அனுபவம்

1995-இல் நிதி நெருக்கடியைச் சமாளிக்க ஹங்கேரியின் நிதியமைச்சர் லயோஷ் பொக்ரோஷ் வகுத்த சிக்கனத் திட்டம், மகப்பேறு உதவியிலும் குழந்தை உதவியிலும் கை வைத்தது. ஜூன் நடுவில் வெளியான சட்டம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. உதவித் தொகையை நம்பிக் கருவுற்றிருந்த தாய்மாருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ இரண்டே வாரங்கள்.

ஜூன் 30 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்துச் செய்தது. உதவிகளை மாற்றியமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை அது மறுக்கவில்லை. ஆனால், அரசின் வாக்கை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்குப் போதிய அவகாசம் தரப்பட வேண்டும் என்று கூறியது. இத்தீர்ப்புக்கு முதன்மை ஆதாரமாக நின்றது, சட்டத்தின் உறுதித்தன்மை என்னும் பொதுக் கோட்பாடே. 2012-இல் நடைமுறைக்கு வந்த புதிய அடிப்படைச் சட்டமோ, சமூகப் பாதுகாப்பு அளிக்க நாடு முயலும் என்ற அளவில் நின்றுவிட்டது.

நமக்குரிய பாடம்

இந்திய அரசியல் சட்டம் சமூக இலக்குகள் பலவற்றை வழிகாட்டு நெறிகளில் வைத்தது; 37-வது பிரிவின்படி அவற்றை நீதிமன்றம் வழியே வலியுறுத்த இயலாது. எனினும், 2002-ஆம் ஆண்டின் 86-வது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக உயர்த்தியது. உரிமை எந்தப் பிரிவில் உள்ளது என்பதோடு, அதைச் செயற்படுத்தும் சட்டம், நிதி, முறையிட ஒரு மன்றம் ஆகியவையும் அதன் பயனை நிர்ணயிக்கின்றன. உதவி ஒன்றைக் குறைக்கும் ஆணையை எழுதும் அலுவலரும், அதை நம்பியிருப்போருக்கு எவ்வளவு அவகாசம் தரப்படுகிறது என்பதைக் கருதுவது கடமையாகும்.