புழக்கடை மண்ணை மாற்றுதல்: செலவும் பலனும்

புழக்கடையில் காய்கறி பயிரிடும் குடும்பத்துக்குக் கைச்செலவு குறையும். ஆயினும் சில வீடுகளின் கொல்லை மண் உவராகவோ களராகவோ இருப்பதால் விதை முளைப்பதில்லை, முளைத்தாலும் நிலைப்பதில்லை. கெட்ட மண்ணை வாரிவிட்டு நல்ல மண்ணைக் கொட்டினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கெனச் சங்கத்தில் கடன் கேட்பதற்கு முன் அங்கத்தினர் கணக்குப் பார்ப்பது அவசியம்.

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 436 சதுர அடி. ஓர் அடி ஆழத்துக்கு வெட்டினால் 436 கன அடி மண்ணாகும். கன அடி ஒன்றுக்கு 85 ராத்தல் என்று கொண்டால், மொத்த நிறை சுமார் 37,000 ராத்தல். அதாவது 16½ டன். வண்டிக்கு அரை டன் ஏற்றினால், வெளியேற்ற 33 நடை, கொணர 33 நடை, ஆக 66 நடை. வண்டிச் சத்தத்தோடு வெட்டுக்கூலி, மண் விலை, நிரவும் கூலி ஆகியவற்றையும் கூட்டிக்கொள்க.

இவ்வளவு செய்தும் பலன் நிலைக்கும் என்பதற்கில்லை. அடிமண்ணின் உப்பு ஈரத்தோடு மேலேறும். நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கும். வடிகால் இல்லாவிடினும், கிணற்று நீர் உப்பாயிருப்பினும், புது மண்ணும் நாளடைவில் பழைய மண்ணைப் போலாகும்.

ஆகவே முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். உவர் மண்ணாயின், வடிகால் வெட்டி, நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்புக் கரைந்து போகும். களர் மண்ணுக்கு நீர் மட்டும் போதாது. பரிசோதனையில் கண்ட அளவுப்படி ஜிப்சம் இட்டுக் கிளறி, அதன்பின் நீர் தேக்கி வடிக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணைப் பற்றியுள்ள சோடியத்தைப் பெயர்த்துவிடும். வடியும் நீர் அதைக் கொண்டுபோகும். அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணில் மடக்கிவிடுதல் சிலாக்கியம்.

மண் மாற்றியே தீரவேண்டுமாயின், நடும் இடத்தை மட்டும் மாற்றுவதே சிக்கனம். மூன்றடிச் சதுரமும் மூன்றடி ஆழமும் உள்ள குழிக்கு 27 கன அடி மண் போதும். நீர் தேங்கும் இடமாயின் குழியைவிட மேட்டுப்பாத்தி நன்று. 10 அடி நீளம், 3 அடி அகலம், ஓரடி உயரமுள்ள பாத்திக்கு 30 கன அடி மண் தேவை. கோடையில் உரிய அனுமதி பெற்று ஏரி வண்டலை எடுத்து இதற்குப் பயன்படுத்தலாம். பிறர் வயலின் மேல்மண்ணை வாங்குவதோ, ஒரு நிலத்தைக் கெடுத்து மற்றொன்றைத் திருத்துவதாகும்.

மண்ணுக்கென்று வாங்கிய கடன் மண்ணிலேயே புதைந்துபோனால், தவணை நாளில் அதைத் தீர்க்கும் பாரம் அங்கத்தினரோடு அவருடைய ஜாமீன்தாரையும் சாரும். வண்டி பூட்டுமுன் பரிசோதனை. கடன் மனு எழுதுமுன் கணக்கு.