புற்றுக்கலம் அனுப்பும் தூது

உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. நோவில்லை, வேலைக்கும் இடையூறில்லை. “மச்சந்தானே” என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது மச்சமாகவே இருக்கும். ஆனால் அரிதாக அது மெலனோமா என்னும் தோற்புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இந்நோய் வளரும் விதத்தை அறிந்தால், காலந்தாழ்த்தலாகாது என்பதும் விளங்கும்.

தானே செய்த திறப்பு

எமது தோலுக்கு நிறந்தரும் மெலனினை ஆக்கும் கலங்கள் மேற்றோலின் அடியில் உள்ளன. இவை தம் விருப்பப்படி பெருகுவதில்லை. அயற்கலங்கள் ‘வளர்ச்சிக் காரணிகள்’ எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. பூட்டில் திறப்புப் பொருந்துவது போல, அப்புரதம் கலத்தின் மேற்பரப்பில் பொருந்தும்போதே கலம் பிரியத் தூண்டப்படுகிறது. இத்தகைய காரணிகளைக் கண்டறிந்த ஸ்ரான்லி கோகன், றீற்றா லெவி மொன்டால்சினி ஆகியோருக்கு 1986இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மெலனோமாக் கலமோ திறப்பைத் தானே செய்துகொள்கிறது. அயலிலிருந்து பெறவேண்டிய காரணியைத் தானே சுரந்து, தானே ஏற்று, ஓயாது பிரிகிறது.

வாய்க்காலைத் திருப்புதல்

பெருகிய கலங்களுக்கு உணவும் ஒட்சிசனும் வேண்டும். புதிய குருதிக்கலன்கள் தோன்றாவிடில் கட்டி சில மில்லிமீற்றருக்கு மேல் வளர இயலாதென அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் யூடா ஃபோக்மன் 1971இல் எடுத்துரைத்தார். பொது வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்கு நீர் திருப்புபவனைப் போல, புற்றுக்கலங்கள் ஒரு புரதத்தைத் தூதனுப்பி, அருகிலுள்ள குருதிக்கலன்களைத் தம் பக்கம் கிளைவிடச் செய்கின்றன. அவ்வழியே ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவவும் செய்கின்றன.

காவலைத் தளர்த்துதல்

வேறு சில புரதங்கள், புற்றை அழிக்க வரும் வெண்குருதிக் கலங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இக்காவற் கலங்களின் மீதுள்ள தடைகளை அகற்றும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வழியில் வந்த மருந்துகள் பலருக்கு வாழ்வளித்துள்ளன. எனினும் அவை விலை கூடியவை, எல்லோருக்கும் பலனளிப்பதுமில்லை.

நாம் செய்யக்கூடியது

கருநிறத் தோலுடையோருக்கு இந்நோய் அரிது. வரும்போதோ, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் வருகிறது. யமேக்காப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில் தொடங்கியது; 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

1 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பில்லாத நிலையில் வெட்டியகற்றினால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். எனவே வயலிலிருந்து வந்து கால் கழுவும்போது பாதத்தையும் பார்ப்போம். புள்ளி பெருத்தால், ஓரம் ஒழுங்கற்றுப் போனால், நிறம் மாறினால், குருதி கசிந்தால், நகத்திலுள்ள கருங்கோடு அகன்றால், சுடவோ சவரத் தகட்டால் வெட்டவோ வேண்டாம். தாமதியாது வைத்தியரிடம் காட்டுவோம்.

கலந்துரையாட:
1. புற்றுக்கலம் எவ்வெத் தேவைகளுக்காகத் தூதனுப்புகிறது?
2. எமது கிராமத்தில் ஆறாத புண்ணையும் மாறும் மச்சத்தையும் காட்டத் தயங்குவோர் ஏன் தயங்குகின்றனர்?