பனியாற்றை அளந்த கைவினைஞர்

நுழையும்முன்

ஜான் மியூரை இயற்கைப் பாதுகாவலர் என்றே உலகம் நினைவுகூர்கிறது. அவர் முதலில் ஒரு தொழிலாளி. மரமும் இரும்பும் அவர் கைக்குப் பணிந்தவை. அந்தக் கைத்திறன் மலைகளிடையே அவருக்கு எவ்வாறு துணைநின்றது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கிணறும் கடிகாரமும்

ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் 1838ஆம் ஆண்டு பிறந்தவர் மியூர். 1849இல் தந்தையுடன் கடல் கடந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறினார். காடு திருத்திக் கழனியாக்கும் வேலையில் பிள்ளைகளின் உழைப்புக்குக் கணக்கே இல்லை. பண்ணைக்குக் கிணறு வெட்ட வேண்டியிருந்தது, கீழே மணற்பாறை. மூன்றடி அகலக் குழிக்குள் தனியாளாக அமர்ந்து, மாதக்கணக்கில் உளியால் பாறையைச் செதுக்கி 90 அடி ஆழம் தோண்டினார் மியூர். ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் ஒருநாள் காலை, இரவில் தேங்கியிருந்த கரியமில வாயு அவரை மயக்கமுறச் செய்தது. மேலிருந்து தந்தை கூவியழைக்க, வாளியோடு சேர்த்து இழுத்து அவரைக் காப்பாற்றினர். உடல் தேறியதும் அவர் மீண்டும் அதே குழிக்குள் இறங்கினார்.

பகல் முழுதும் வயல்வேலை என்பதால், பின்னிரவில் விழித்தெழுந்து நிலவறையில் மரத்தைச் செதுக்கினார். மரத்தாலான கடிகாரங்கள் உருவாயின. குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்து, உறங்குபவரை எழுந்து நிற்கச் செய்யும் பொறியொன்றும் அவற்றுள் அடங்கும். 1860இல் மாடிசன் நகரக் கண்காட்சியில் அவற்றைக் கண்டோர் வியந்தனர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பட்டம் பெறும்வரை அவர் தங்கவில்லை.

இருண்ட அறை

1866இல் இண்டியானாபொலிஸ் நகரில், வண்டிச் சக்கர உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். பொறிகளைச் சீராக்குவதில் அவர் காட்டிய திறன் விரைவில் உயர்வுகளைத் தந்தது. 1867 மார்ச்சில், பொறியின் வார்ப்பட்டையைச் சரிசெய்கையில் அரத்தின் கூர்முனை நழுவி வலக்கண்ணில் பாய்ந்தது. சில நாள்களில் மற்றொரு கண்ணும் ஒளியிழந்தது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். இருபத்தெட்டு வயதில், கண்ணை நம்பி வாழும் தொழிலாளிக்கு அதைவிடப் பேரிழப்பு வேறில்லை. பார்வை மெல்லத் திரும்பியதும், தொழிற்சாலைக்குள் வாழ்நாளைக் கழிப்பதில்லை என முடிவு செய்தார். அவ்வாண்டே கென்டக்கி மாநிலத்திலிருந்து மெக்சிகோ வளைகுடாவரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். வழியின் முடிவில் மலேரியா அவரை வீழ்த்தியது.

யோசெமிட்டி

1868இல் கலிபோர்னியா சென்றார். மறு ஆண்டு ஆடு மேய்த்தார். பின்னர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், நீர்விசையால் இயங்கும் மரம் அறுக்கும் ஆலையை அமைத்து நடத்தினார். காற்றில் சாய்ந்த மரங்களையே அங்கு அறுத்தார். ஓடைநீரின் சிறு கிளை உள்ளே புகுந்து வெளியேறுமாறு தமக்கொரு குடிலும் கட்டிக்கொண்டார்.

நிலம் திடீரெனத் தாழ்ந்ததால் அப்பள்ளத்தாக்கு உண்டானது என்று மாநில நிலவியல் அறிஞர் ஜோசையா விட்னி கூறிவந்தார். பாறையின் கீறல்களையும் வழவழப்பையும் கண்ட மியூர், பனியாறுகளே அதைக் குடைந்தன என்றார். உளியால் பாறையோடு போராடியவருக்குத் தேய்மானத்தின் தடம் புலப்பட்டதில் வியப்பில்லை. ஆட்டிடையன் கூற்றென்று அது இகழப்பட்டது. 1872இல் மக்ளூர் பனியாற்றின் குறுக்கே முளைகள் நட்டு, 46 நாள்களுக்குப்பின் அளந்தார். மிகுதியாக நகர்ந்த முளை 47 அங்குலம் நகர்ந்திருந்தது! உயிருள்ள பனியாறுகள் அம்மலையில் உண்டென அவ்வளவு உறுதிப்படுத்திற்று. பனியாற்றின் பங்கை மியூர் சற்று மிகைப்படுத்தினார். எனினும் பிற்கால ஆய்வு விட்னியின் பக்கம் நிற்கவில்லை.

அவர் பார்வைக்கும் எல்லை இருந்தது. அப்பள்ளத்தாக்கின் தொல்குடியினரான அவானீச்சி மக்கள் 1851இல் படையால் விரட்டப்பட்டவர்கள். பூர்வகுடிகளைப்பற்றி மியூர் தொடக்கத்தில் எழுதியவற்றுள் பரிவு குறைவே.

இறுதிப் போராட்டம்

1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா அமைய அவர் எழுத்துகள் துணைசெய்தன. 1892இல் உருவான சியரா மன்றத்திற்கு இறுதிவரை அவரே தலைவர். 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அவருடன் மூன்று இரவுகள் காட்டில் தங்கினார். சான்பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காகப் பூங்காவிற்குள்ளிருந்த ஹெச் ஹெச்சிப் பள்ளத்தாக்கில் அணைகட்டத் திட்டமிட்டபோது, முதுமையிலும் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1913இல் நாடாளுமன்றம் அணைக்கு இசைவளித்தது. மறு ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மியூர் மறைந்தார். அணை 1923இல் கட்டிமுடிக்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கு இன்றும் நீரடியில் உள்ளது.